கோல்ஃப்: பந்து இடம் மாறுகிறதா? ஒரே இடத்தில் வைக்கும் வழி

"நேத்து நல்லாத்தானே அடிச்சேன்... இன்னிக்கு என்ன ஆச்சு?"

டிரைவிங் ரேஞ்சில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. உடனே மட்டையை வீசும் முறையை மாற்றத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் தவறு வீச்சில் இல்லாமலும் இருக்கலாம். பந்து இரண்டு விரல் அகலம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான்!

தவறான இடத்துக்கு ஏற்ப வீச்சை மாற்றிக்கொண்டால், பிறகு இரண்டையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இடம் ஏன் முக்கியம்?

மட்டை வளைவாகக் கீழிறங்கி, மீண்டும் மேலேறுகிறது. வலக்கை ஆட்டக்காரருக்கு அதன் ஆகத் தாழ்வான இடம் ஏறக்குறைய இடது தோளுக்கு நேர் கீழே. (இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிப் படியுங்கள்.)

அயர்ன் மட்டை அந்த இடத்தை எட்டுமுன் பந்தைத் தொடவேண்டும். முதலில் பந்து, பிறகு புல். டிரைவர் அப்படியல்ல. டீ மேல் உள்ள பந்தை, மட்டை மேலேறும்போது அடிக்கவேண்டும்.

- பந்து மிகவும் முன்னால், அதாவது இடது காலை ஒட்டி இருந்தால்: மட்டை முதலில் தரையில் இடிக்கலாம், அல்லது பந்தின் தலையில் பட்டு அது உருண்டோடலாம்.
- மிகவும் பின்னால் இருந்தால்: பந்து தாழ்வாகப் பறக்கும், வலப்பக்கம் விலகலாம்.

எங்கே வைப்பது?

- வெட்ஜ், குட்டை அயர்ன்: இரு கால்களுக்கு நடுவே
- நடுத்தர அயர்ன்: நடுவிலிருந்து ஒரு பந்து அகலம் இடப்பக்கம் (சுமார் 4.3 செண்டிமீட்டர்)
- டிரைவர்: இடது குதிகாலின் உட்பக்கத்துக்கு நேராக

இதில் மாற்றுக் கருத்தும் உண்டு. பென் ஹோகன் 1957இல் வெளியான தம் நூலில், பந்துக்கும் இடது குதிகாலுக்கும் உள்ள தொடர்பை மாற்றாமல் வலது காலை மட்டும் நகர்த்தச் சொன்னார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, அதையே விடாமல் பின்பற்றுங்கள்.

கண் ஏமாற்றும்!

பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினாலே பந்து பின்னால் போனதுபோலத் தோன்றும். கால்விரலை வைத்து அளக்காதீர்கள். குதிகாலை வைத்து அளந்து பாருங்கள்.

தினமும் ஒரே மாதிரி நிற்க...

1. கால்களைச் சேர்த்து, பந்து நடுவில் இருக்கும்படி நில்லுங்கள்.
2. வெட்ஜ் என்றால் இரு கால்களையும் சமமாக விரியுங்கள்.
3. நடுத்தர அயர்ன் என்றால் இடது கால் சிறிதளவு, வலது கால் கூடுதலாக.
4. டிரைவர் என்றால் இடது கால் கொஞ்சம் அசைந்தால் போதும். வலது காலை நன்றாக அகற்றுங்கள்.

தரையில் இரண்டு குச்சிகளை வையுங்கள். ஒன்று இலக்கை நோக்கி, மற்றொன்று பந்திலிருந்து உங்கள் கால்களுக்கு இடையே. நண்பரிடம் சொல்லி, நேர் எதிரே நின்று கைத்தொலைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள்.

கவனம்

சிங்கப்பூரில் பொதுமக்களுக்கான 18 குழித் திடலாக இருந்த மரினா பே 2024இல் மூடப்பட்டது. பலருக்கு இப்போது ரேஞ்சின் விரிப்புதான் பயிற்சிக் களம். விரிப்பில் மட்டை வழுக்கிக்கொண்டு போவதால் தரையில் இடித்தது தெரியாமல் போகலாம். அயர்ன் பயிற்சியில் பந்துக்குச் சுமார் 10 செண்டிமீட்டர் பின்னால் ஒரு துண்டை மடித்து வையுங்கள். மட்டை துண்டில் பட்டால், முதலில் பந்தின் இடத்தைப் பாருங்கள்.

குச்சி பயிற்சிக்கு மட்டுமே. அடி எண்ணிக்கை ஆட்டத்தில் அதைத் தரையில் வைத்து நிலை எடுத்தால் 2 அடி தண்டனை!

அடுத்தமுறை பந்து கோணலாகப் போனால் வீச்சைக் குறை சொல்லுமுன், கொஞ்சம் குனிந்து பாருங்கள்.