கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதை

காகிதத்தில் வரைந்த கதை கணினித் திரைக்குச் செல்லும்போது மாறுவது ஊடகம் மட்டுமன்று. கதைக்குள் நடப்பவர் யார் என்பதும் மாறிவிடுகிறது. பிரெஞ்சு மொழியில் வெளிவந்த 'நிக்கோபோல்' சித்திரக்கதைகள் 2008ஆம் ஆண்டில் கணினி விளையாட்டாக உருப்பெற்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இக்கதைகளைப் படைத்த என்கி பிலால் 1951இல் பெல்கிரேடில் பிறந்து, இளமையிலேயே பாரிசுக்குக் குடிபெயர்ந்தவர். முதல் நூல் 1980இலும், இரண்டாவது 1986இலும், மூன்றாவது 1992இலும் வெளிவந்தன. முதல் நூலின் களம் 2023ஆம் ஆண்டுப் பாரிஸ். அந்நகரைச் சர்வாதிகாரி ஷூப்லான் ஆள்கிறான். எகிப்தியத் தெய்வங்கள் ஏறிவந்த பிரமிடு நகரின் மேல் மிதக்கிறது. அதற்கு எரிபொருள் வேண்டும். கொடுப்பதற்கு ஈடாகச் சாகாவரம் கேட்கிறான் ஷூப்லான். தண்டனையாக உறைநிலையில் விண்ணுக்கு அனுப்பப்பட்டிருந்த நிக்கோபோல் முப்பது ஆண்டுகளுக்குப் பின் மண்ணில் விழுகிறார். பிற தெய்வங்களோடு பகைத்துக்கொண்ட ஹோரஸ் அவருடைய உடலுக்குள் புகுகிறான். நம் கதைமரபு கூறும் கூடு விட்டுக் கூடு பாய்தலை இது நினைவூட்டும்.

முதல் நூல் வெளிவந்த அதே 1980இல்தான், எழுத்தால் மட்டுமே நடந்துவந்த கணினிச் சாகச விளையாட்டுக்குப் படம் சேர்த்த 'மிஸ்டரி ஹவுஸ்' அமெரிக்காவில் வெளியாயிற்று. கட்டளையைத் தட்டச்சு செய்யும் முறை படிப்படியாக மறைந்து, திரையிலுள்ள பொருளைச் சுட்டியால் தொட்டுச் செயற்படும் முறை வேரூன்றியது.

இவ்விரு கலைகளுக்கும் பாலமாக நின்றவர் பெல்ஜியத்தின் பெனுவா சொகால். வாத்து முகத் துப்பறிவாளன் கனார்தோவைப் படைத்த சித்திரக்கதைஞர் அவர். அவ்வரிசையின் நூலொன்றிலிருந்தே 'அமெர்சோன்' என்னும் விளையாட்டை 1999இல் உருவாக்கினார். பின்னர் அவர் இணைந்து நிறுவிய வைட் பேர்ட்ஸ் நிறுவனமே பிலாலின் கதையை விளையாட்டாக்கியது.

2004இல் பிலால் தாமே இயக்கிய திரைப்படம் கதையை 2095ஆம் ஆண்டு நியூயார்க்குக்குக் கொண்டுசென்றது. விளையாட்டோ 2023ஆம் ஆண்டுப் பாரிசிலேயே நின்றது. ஆயினும் ஒரு பெரும் மாற்றத்தை அது துணிந்து செய்தது. ஆட்டக்காரர் ஏற்பது தந்தையின் வேடமன்று, மகனின் வேடம். தந்தையைத் தேடிச் செல்லும் மகனாகவே அவர் அந்நகரில் நடக்கிறார்.

இதனால் இழந்தது சிறிதன்று. தம்முள் புகுந்த தெய்வத்தோடு நிக்கோபோல் நடத்தும் வாக்குவாதமே நூலின் உயிர். மகனின் கண்வழிச் செல்லும் ஆட்டத்தில் அது பின்தங்கிவிடுகிறது. நூலில் கண் விரும்பிய இடத்தில் நிற்கலாம். ஆட்டத்திலோ புதிரை அவிழ்த்தால்தான் அடுத்த கதவு திறக்கும். பெற்றதும் உண்டு. கொடுங்கோன்மையைப் பக்கத்துக்கு வெளியே நின்று பார்த்த வாசகர், இங்கே அதன் தெருவில் அகப்பட்டுக்கொண்டு வழி தேடுகிறார். வாசகனுக்கு வேண்டாத துணிவு ஆட்டக்காரருக்கு வேண்டியிருக்கிறது.

விளையாட்டு வெளிவந்த சில ஆண்டுகளில் வைட் பேர்ட்ஸ் மூடப்பட்டது. சொகால் 2021இல் மறைந்தார். பிலால் குறித்த 2023ஆம் ஆண்டும் பிரமிடு எதுவும் வாராமலே கடந்துபோயிற்று. ஆண்டுக்கணக்குப் பொய்த்தது கதைக்குக் குறையன்று. சாகாவரம் வேண்டி மக்களின் உடைமையை விலைபேசும் ஆட்சியாளனைப் பற்றிய எச்சரிக்கை எந்த ஆண்டோடும் முடிவதன்று. நூலில் அதைக் கண்டோம். ஆட்டத்தில் அதன் நடுவே நடந்தோம்.