பெருங்குடலில் பெரிய கொழுப்புக் கட்டி: உள்நோக்கிச் சிகிச்சை

பெருங்குடலின் சளிச்சவ்வுக்கு அடியில் கொழுப்பு திரண்டு உருவாகும் கட்டி லிபோமா எனப்படும். இது புற்றுநோய் அன்று. 2 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை; வேறு காரணத்துக்காகக் கொலோனோஸ்கோபி செய்யும்போது தற்செயலாகத் தெரியவரும். அவற்றைப் பெரும்பாலும் அகற்ற வேண்டியதில்லை.

பெரிய கட்டியால் வயிற்றுவலி, இரத்தசோகை, மலச்சிக்கல், மலத்தில் இரத்தம் ஆகியவை ஏற்படலாம். சில வேளைகளில் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும். இது அவசர நிலை. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவு செய்து காலம் கடத்தாதீர்கள்.

லிபோமா மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். கருவியால் அழுத்தினால் தலையணைபோல் அமுங்கி மீளும். சி.டி. ஸ்கேன் அதிலுள்ள கொழுப்பை உறுதிசெய்யும்.

சிகிச்சையில் ஒரு சிக்கல் உண்டு. கொழுப்பு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மின்கம்பியால் பெரிய கட்டியை வெட்ட நேரம் பிடிக்கும். அந்த வெப்பம் பரவிக் குடற்சுவரில் துளை விழக்கூடும். ஆகவே காம்புள்ள கட்டியின் அடியில் நைலான் சுருக்கை இறுக்கி இரத்த ஓட்டத்தை நிறுத்துவது ஒரு முறை. அதன்பின் கட்டியை வெட்டியெடுக்கலாம். அல்லது அப்படியே விட்டால் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக உதிர்ந்து மலத்துடன் வெளியேறும். அவ்வாறு விடும்போது முழுக் கட்டியும் திசுப் பரிசோதனைக்குக் கிடைக்காது என்பதை அறிந்திருங்கள். அகன்ற அடிப்பகுதி கொண்ட கட்டிக்குச் சவ்வடிப் பிரித்தெடுப்போ லேப்ராஸ்கோபி அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம். மருத்துவர் அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைத்தால் அஞ்ச வேண்டாம். சிலருக்கு அதுவே பாதுகாப்பானது.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் ஆலோசனை பெறலாம். தேவையெனில் இரைப்பை குடல் சிறப்புப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பின், சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் காட்டி விசாரியுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் அல்லது இன்சுலின் பயன்படுத்துவோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. குடலைச் சுத்தம் செய்யும் மருந்துக் கரைசலைச் சொன்ன அளவு முழுவதும் பருகுங்கள். பாதியில் விட்டால் சிகிச்சையே தள்ளிப்போகலாம்.

சிகிச்சைக்குப் பின் இரண்டு வாரங்கள் வரை இரத்தக்கசிவு ஏற்படலாம். அதற்குள் பௌர்ணமி வந்தால், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை மருத்துவரைக் கேட்காமல் மேற்கொள்ளாதீர்கள். கூட்டத்தின் நடுவே உதவி கிடைப்பதும் தாமதமாகும். கடும் வயிற்றுவலி, காய்ச்சல், வயிறு கல்போல் இறுகுதல், மிகுந்த இரத்தப்போக்கு, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உணவோ நீரோ கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.