மிகுபுனைவில் தேடற்குழுவின் வளர்ச்சி

மாயமும் கற்பனை உலகங்களும் நிறைந்த மிகுபுனைவுக் கதைகளில், வெவ்வேறு குலமும் திறமும் உடைய சிலர் ஒரு பொருளைத் தேடியோ ஒரு கேட்டை ஒழிக்கவோ சேர்ந்து புறப்படுவது இன்று மிகவும் பழகிப்போன அமைப்பாகும். தேடற்குழு என்று இங்குக் குறிக்கப்படும் இக்கூட்டத்தின் வரலாறு, உறுப்பினரின் குறைகளுக்குக் கதைசொல்லிகள் எவ்வளவு இடமளித்தனர் என்பதன் வரலாறாகவே அமைந்துள்ளது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அப்பலோனியஸ் கிரேக்க மொழியில் நான்கு காண்டங்களாகப் பாடிய ‘அர்கோநாட்டிக்கா’வில், பொன்மயிர்த் தோலை மீட்க ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் கப்பலேறுகின்றனர். சைரன்களின் மயக்கும் பாட்டை ஆர்ஃபியூஸின் யாழிசை அமுக்குகிறது. ஹார்ப்பிகள் என்னும் பறவைப் பேய்களைச் சிறகுடைய சகோதரர் இருவர் விரட்டுகின்றனர். இவ்வாறு சிலருடைய திறமை தனித்தனி நிகழ்ச்சிகளில் வெளிப்பட்டாலும், எல்லாம் வல்ல ஹெராக்ளிஸ் உடனிருக்கும்வரை மற்றவர்க்கு வேலை மிகக் குறைவே. முதற்காண்டத்தின் இறுதியில், காணாமற்போன தன் இளந்தோழன் ஹைலாஸைத் தேடிச் சென்ற ஹெராக்ளிஸைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுவதற்குப் புராண மரபோடு, மற்றவர்க்கும் இடமளிக்கும் கலைத் தேவையும் காரணமாகலாம்.

14ஆம் நூற்றாண்டு வேல்ஸ் சுவடிகளில் பாதுகாக்கப்பட்டுள்ள ‘குல்ஹுக்கும் ஓல்வெனும்’ என்னும் கதையில் ஆள்தேர்வு நுட்பமாகிறது. ஓல்வெனைத் தேடும் குல்ஹுக்குடன் ஆர்தர் மன்னன் அனுப்பும் ஆறு பேருள் ஒருவன் அறியாத நாட்டிலும் வழிகாட்டுபவன். குர்ஹிர் எல்லா மொழிகளும் அறிந்தவன். மெனு, பிற சமயத்தார் நாட்டில் குழுவைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கவல்ல மந்திரவாதி. பின்னர் ஒரு கைதியைத் தேடும் கட்டத்தில், கரும்பறவை, கலைமான், ஆந்தை, கழுகு, சால்மன் மீன் என ஒன்றைவிட ஒன்று வயதில் மூத்த உயிர்களிடம் குர்ஹிர் அவற்றின் மொழியிலேயே பேசி வழியறிகிறான். வாள்வலிமையால் இப்பணி முடிந்திராது.

சீனத்தில் இவ்வளர்ச்சி வேறு திசையில் சென்றது. காஞ்சிபுரம் வரை வந்த பௌத்தத் துறவி யுவான் சுவாங், 7ஆம் நூற்றாண்டில் தம் பயணத்தின் பெரும்பகுதியை நிலையான தோழர் எவருமின்றியே மேற்கொண்டார். 1592இல் அச்சான ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் புதினமோ அவருக்குக் குரங்கரசன் சுன் வூகோங், பன்றிமுகச் சூ பாஜியே, ஷா வூஜிங் ஆகிய சீடர்களைத் துணையாக்கியது. மாயவலிமை சீடர்களிடமே இருக்க, எளிதில் ஏமாறும் துறவி அடிக்கடி பகைவர் கையில் சிக்குகிறார். ஆயினும் பயணம் அவருடையது. வலிமையற்றவரை நடுவில் நிறுத்தும் இத்துணிவு, பொருட்படுத்தத்தக்க பெரும் மாற்றமாகும்.

இதே துணிவை, சீனப் புதினத்தை அறிந்தோ அறியாமலோ, ஜே. ஆர். ஆர். டோல்கீன் தம் வழியில் கைக்கொண்டார். 1954இல் வெளிவந்த ‘மோதிரத்தின் தோழமை’யில் ஒன்பது கருங்குதிரை வீரர்க்கு எதிராக ஒன்பது நடைப்பயணிகள் தேர்வாகின்றனர். மந்திரவாதி, மனிதர் இருவர், எல்ஃப், குள்ளர் இனத்தான் ஆகியோருடன் ஹாபிட்டுகள் என்னும் சிற்றுருவினர் நால்வரும் புறப்படுகின்றனர். இறுதி இரு இடங்களுக்கு ஆற்றல்மிக்கவரை அனுப்பலாமே என்ற எல்ஃப் தலைவர் எல்ராண்டின் எண்ணத்துக்கு மாறாக, நட்பை நம்புவதே மேல் என்று மந்திரவாதி காண்டால்ஃப் வாதிட, ஹாபிட்டுகளான மெர்ரியும் பிப்பினும் சேர்க்கப்படுகின்றனர். எந்த ஆணையாலும் தோழர்கள் பிணைக்கப்படவில்லை. அழிக்கவேண்டிய மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட்டான ஃப்ரோடோவுக்குப் போர்த்திறமும் இல்லை, மந்திரமும் இல்லை. முதற்பகுதி முடிவதற்குள் குழு சிதறியும் பணி சிதையாமல் நிற்பதே இப்படைப்பின் ஆழம் எனலாம்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ஆடுவோர் ஆளுக்கொரு கதைமாந்தராக நின்று பகடை உருட்டிக் கதையை நடத்தும் விளையாட்டாகும். வீரன், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று வகுப்புகளை அது வகுத்தது. 1975இல் திருடனும் சேர்ந்தான். மந்திரவாதிக்குக் கவசம் கூடாது, சமயகுருவுக்குக் கூர்முனை ஆயுதம் கூடாது என்ற தடைகளால் ஒருவர் குறையை மற்றவர் ஈடுசெய்வது விதியாயிற்று. இதனால் குழு அசைக்கவியலாத கட்டமைப்பைப் பெற்றது. ஆனால் தனித்திறம் ஏதுமின்றிச் சுமை தூக்குவோனுக்கு அதில் வகுப்பில்லை. டோல்கீனின் குழுவில் மிக உயர்ந்தது எதுவோ அதுவே இங்கு விடுபட்டது.

இவ்விளையாட்டிலிருந்து மீண்டும் புதினங்கள் கிளைத்தன. மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் 1984இல் எழுதிய ‘இலையுதிர்கால அந்தியின் டிராகன்கள்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. விதிநூலில் மந்திரவாதியின் உடல்வலுவின்மை ஒரு சிறிய எண் மட்டுமே. இப்புதினத்தின் ரைஸ்ட்லினிடம் அது ஓயாத இருமலாகவும், வலிமைமிக்க இரட்டைச் சகோதரன் காரமோனைச் சார்ந்தே வாழவேண்டிய நிலையாகவும், அச்சார்பின்மேல் கொள்ளும் கசப்பாகவும் மாறியது.