பெயர் பொறிக்காத குவளை



நாம் நாள்தோறும் நீர் அருந்தும் குவளையை வடிவமைத்தவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. வினவாதிருப்பதே முறை என்று கருதிய கலைஞர் ஒருவர் பின்லாந்து நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் காய் பிராங்க். கண்ணாடியிலும் பீங்கானிலும் அந்நாட்டுக்கு உலகப் புகழ் தேடித் தந்தோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர்.

1911-ஆம் ஆண்டில் வீப்புரி நகரில் பிறந்த அவர், ஹெல்சிங்கியில் மரச்சாமான் வடிவமைப்பைப் பயின்று 1932-இல் தேறினார். அதன்பின் நாட்டுக்கு நேர்ந்ததை அறியாமல் அவருடைய பணியை விளங்கிக்கொள்ள இயலாது. 1939-க்கும் 1944-க்கும் இடையே பின்லாந்து சோவியத் நாட்டோடு இருமுறை பொருதது. கரேலியாவின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. வீப்புரியும் அதனோடு போயிற்று. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் எடுத்துவர முடிந்தவற்றோடு மேற்கே வந்து சேர்ந்தனர். சிறு வீடுகளில் நெருங்கிக் குடியேறியவர்களுக்குப் பொன்விளிம்பிட்ட பெரிய விருந்துக்கலத் தொகுதி எதற்கு? அதனை வைக்க அலமாரிதான் ஏது?

1945-இல் அராபியா பீங்கான் தொழிற்சாலையில் சேர்ந்த பிராங்க், இவ்வினாவுக்கு விடையாக 1953-இல் ‘கில்டா’ என்னும் கலங்களை வெளியிட்டார். வட்டம், சதுரம், நீள்சதுரம் ஆகியவையே அவற்றின் வடிவங்கள். பூவேலை சிறிதும் இல்லை. தொகுதி முழுவதையும் வாங்க வேண்டுவதில்லை. பணம் உள்ளபோது ஒவ்வொன்றாக வாங்கலாம். உடைந்தால் உடைந்ததற்கு மட்டும் மாற்று வாங்கலாம். அடுக்கி வைத்தால் சிறு இடமே போதும். ஏழையின் உணவு மேசைக்கும் ஓர் அழகு உண்டு என்பதை இக்கலங்கள் காட்டின.

1950-களின் தொடக்கத்தில், 1793-இல் நிறுவப்பெற்ற நூட்டாயார்விக் கண்ணாடித் தொழிற்சாலையின் கலைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. கண்ணாடிக்கு நிறம் மேற்பூச்சு அன்று. உலையில் உருகும் குழம்பிலேயே கோபால்ட் போன்றவற்றைச் சிறிதளவு கலந்தால் உள்ளும் புறமும் நீலமாகும். இந்நிறமே ஒப்பனை, வேறு ஒப்பனை வேண்டா என்பது பிராங்கின் கொள்கை. 1958-இல் அவர் அமைத்த குவளை, அடிநோக்கிச் சற்றே குறுகும் வெறும் வடிவமே. ‘கார்ட்டியோ’ என வழங்கும் அதன் பெயருக்குக் கூம்பு என்பதே பொருள்.

1960-களில், அன்றாடப் பயன்பொருள்களை வடிவமைப்பவரின் பெயரால் விற்றல் கூடாது என்று அவர் வலியுறுத்தினார். ஒரு குவளை உருவாக உலைக்களத்தில் ஊதுவோரும் அச்சுச் செய்வோரும் எனப் பலர் உழைக்க, ஒருவர் பெயரை மட்டும் பறைசாற்றுதல் முறையோ? விற்பனையாளர்க்கு இது கசந்திருக்கும். ஆயினும், அவரே ஆக்கிய அரிய கலைக் கண்ணாடிகளில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்கிறோம். இதனை முரண்பாடு என்று சிலர் கூறலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. காட்சிக்கென ஆக்கிய ஒற்றைக் கலம் வேறு, ஆயிரம் வீடுகளில் கழுவிக் கவிழ்க்கும் குவளை வேறு.

1989-இல் அவர் மறைந்தார். அவர் விரும்பியிருப்பாரோ என்னவோ, 1992 முதல் வடிவமைப்பாளர்க்கு வழங்கப்பெறும் பின்லாந்துப் பரிசொன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. நூட்டாயார்வித் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. கார்ட்டியோக் குவளையோ ஈட்டலா என்னும் நிறுவனத்தின் பெயரில் இன்றும் விற்கப்படுகின்றது.