பயிற்சிக்கு அடுத்த பாவு: காஞ்சிபுரத்தில் நெசவுக் கல்வியைத் திட்டமிடலும் மதிப்பிடலும்

ஒரு பயிற்சித் திட்டம் பயன் தந்ததா என்று கேட்டால், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்ற கணக்கே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையம் போன்ற இடங்களுக்கு இந்தக் கணக்கு போதாது. 1956இல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தின் கீழ் தொடங்கப்பட்ட இம்மையங்களின் பணி, வடிவமைப்பிலும் சாயத்திலும் தறி நுட்பத்திலும் நெசவாளருக்குத் துணைநிற்பது. கற்பது மையத்தில் நடந்தாலும், கற்றது கைக்கு வர வேண்டிய இடம் காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்து வீட்டுத் தறி. எனவே மதிப்பீட்டின் அலகு பயிற்சி பெற்ற ஆளாக அல்லாமல் தறியாக இருக்க வேண்டும். அதன் காலமும் பாவின், அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல் தொகுதியின், கணக்கில் அமைய வேண்டும்.

பயிற்சி மதிப்பீட்டு அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959 முதல் எழுதிய கட்டுரைகளில் பயிற்சியை நான்கு படிகளில் மதிப்பிடச் சொன்னார்: பயின்றவரின் மனநிறைவு, கற்றல், வேலையில் வந்த மாற்றம், அதன் விளைவு. முதல் இரண்டையும் வகுப்பு முடியும் நாளிலேயே அறிந்துவிடலாம். மூன்றாவதற்குப் பட்டு நெசவு அவ்வளவு விரைவில் இடம் தராது. காஞ்சியில் பொதுவாக ஒரு பாவில் மூன்று சேலை இறங்கும். வேலைப்பாடு மிகுந்தால் ஒரு சேலைக்கே இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். தறியில் ஏறிய பாவை நடுவில் மாற்ற முடியாது. இன்று புதிய வடிவமைப்பைக் கற்றவர், இருக்கும் பாவை அறுத்த பிறகே அதைத் தொட முடியும். ஆகவே முதல் மாதத்தில் எடுக்கும் கணிப்பு பெரும்பாலும் பழைய பாவைத்தான் அளக்கும். சாயப் பயிற்சி இதற்கு விலக்கு. சாயம் நின்றதா, ஓடியதா என்பது சில நாளிலேயே தெரிந்துவிடும். எல்லாப் பயிற்சிக்கும் ஒரே படிவத்தை நீட்டும் வழக்கம் இந்த வேறுபாட்டை மறைக்கிறது.

ஆளை அலகாகக் கொள்வதில் இன்னொரு பிழையும் உண்டு. நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. அவர்களில் 72 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள். தறியில் உட்காருபவர் ஒருவர் என்றாலும், நூல் சுற்றுவதும் தார் போடுவதும் வீட்டாரின் வேலை. கோர்வைச் சேலையில் இது இன்னும் வெளிப்படை. கரையையும் உடலையும் தனித்தனி ஊடையால் கோத்து நெய்ய மறுபக்கம் இன்னொரு கை தேவை. முன்பு அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறுவனுடையது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனது நன்மையே, ஆனால் கோர்வைக்குத் துணையாள் அரிதாகிவிட்டார். நெசவாளர் ஒருவரை மட்டும் அழைத்துக் கோர்வைப் பயிற்சி கொடுப்பது பாதித் தறிக்குப் பயிற்சி கொடுப்பதாகும்.

தறியை அலகாகக் கொள்வதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாவும் ஜரிகையும் டிசைனும் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ மாஸ்டர் நெசவாளரிடமிருந்தோ வருகின்றன. கூலிக்கு நெய்பவர் கற்றதைப் பயன்படுத்தவில்லை என்றால் பயிற்சியை எப்படிக் குறை சொல்வது? மறுப்பு சரியானதே. ஆனால் அது மதிப்பீட்டைக் கைவிடச் சொல்லவில்லை, திட்டத்தைத் திருத்தச் சொல்கிறது. டிசைனை முடிவு செய்பவரும் மையத்தின் பயனாளிதான். அவரை விட்டுவிட்டு வகுத்த பாடத்திட்டம் தறியை எட்டாததில் வியப்பில்லை.

நீண்டகாலக் கணிப்புக்குச் செலவு அதிகம், ஜரிகை விலையும் முகூர்த்தச் சந்தையும் முடிவைக் குழப்பும் என்பது மற்றொரு மறுப்பு. சங்கத் தறிகளுக்கு இது பெரிய தடை அல்ல. வழங்கிய பாவு, திரும்பி வந்த சேலை, கொடுத்த கூலி எல்லாம் சங்கக் கணக்கில் ஏறுபவை. ஒரே சங்கத்தில், ஒரே பருவத்தில், பயிற்சி பெற்ற தறிகளை அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் தறிகளோடு ஒப்பிட்டால் விலை ஏற்ற இறக்கம் இரு பக்கத்தையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தொடும். தனியார் தறிகளுக்கு இந்த வழி எளிதல்ல. அங்கே நேரில் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சங்கங்களின் பாவுக் கணக்கைப் பயிற்சிப் பதிவோடு இணைக்கக் கைத்தறித் துறை முன்வர வேண்டும். கோர்வைத் தறிகளிலிருந்து, இரண்டு ஆட்களையும் சேர்த்து அழைத்து, இதைத் தொடங்கலாம்.