மவுண்ட் ரோடு இன்ஜினும் ஊட்டிக் குளிரும்

மயிலாப்பூர், தி.நகர்ல நீங்க வாங்குற ஊட்டி கேரட் லாரியில் வருது. மார்கழி விடியலில் சில லாரிகளை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் டெம்பரேச்சர் முள் ஏறாது. குளிர் மட்டும் காரணமில்லை, நம்ம சமவெளி வெயிலும்தான்.

மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியது; குதிரை வண்டிகள் கட்டியது. 1903-ல் நீராவிக் கார் செய்தது. 1950களில் இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜினுக்கு வந்தது. குளிர்தேசத்து இன்ஜின் சீக்கிரம் சூடாகணும்னு ஒரு தெர்மோஸ்டாட் வால்வு உண்டு. தண்ணீர் சுமார் 80 டிகிரி தொடும்வரை ரேடியேட்டருக்கு விடாது. அது மூடியபடி சிக்கினால் நம்ம வெயிலில் தண்ணி கொதிச்சிடும். அதனால் மெக்கானிக்குகள் அதைக் கழற்றியே போட்டார்கள். சமவெளியில் பெரிசாத் தெரியலை. மலையில்தான் கணக்கு உதைக்குது: டீசல் கூடும், வெள்ளைப் புகை வரும், லைனர் தேயும்.

ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க. நல்ல வால்வு என்றால் கொஞ்ச நேரம் ஜில்லுன்னு இருந்து, பிறகு சட்டுன்னு சுடும். ஆரம்பத்திலிருந்தே வெதுவெதுன்னா வால்வு திறந்தே கிடக்கு, இல்லை, உள்ளே வால்வே இல்லை.

வீணாகும் டீசல் லாரி வாடகையில் ஏறும். வாடகையோ விவசாயி கணக்கில்தான் கழியும்.