பசளைக் கொடியும் பசலை நோயும்

பசலைக்கீரை என்ற ஒரே பெயரில் இன்று இரண்டு கீரைகள் நடமாடுகின்றன. ஒன்று பந்தலிலும் வேலியிலும் ஏறும் கொடி. தடித்த இலை, பச்சையோ சிவப்போ ஆன தண்டு, பிசைந்தால் விரலில் ஊதாச் சாயம் ஏற்றும் பழம். மற்றொன்று தரையில் குத்தாக வளரும் ஸ்பினாச். உணவுப் பட்டியல்களும் சமையல் குறிப்புகளும் ஸ்பினாச்சைக் கண்ட இடமெல்லாம் பசலை என்றே எழுதிவிடுகின்றன. அந்தப் பெயர் கொடிக்கு உரியது. அதையும் பசளை என்று எழுதுவதே சரி என்பது என் கட்சி.

கன்னடத்தில் இது பசளெ, மலையாளத்தில் வசளச்சீர, யாழ்ப்பாணத்தில் பசளி. மூன்றிலும் ளகரம் நிற்கிறது; மூன்றும் சுட்டுவது கொடியைத்தான். திருப்பூர் அனுப்பர்பாளையத்தின் பெயரில் இருக்கும் அனுப்பர் கன்னடம் பேசும் உழவர் குலத்தார் என்பதால், கொங்கு நாட்டுக்குக் கன்னடச் சான்று அப்படியொன்றும் தூரத்துச் சான்றல்ல. தெலுங்கில் பச்சலி என்று லகரம் வருகிறதே என்று கேட்கலாம். நம் கள் அங்கே கல்லு, நம் முள் அங்கே முல்லு. ஆகவே தெலுங்கின் லகரம் இந்த வழக்கைக் கெடுக்காது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ நூலின் ஏழாம் தொகுதியில் (1688) இந்தக் கொடி ‘பசெல்லா’ என்று பதிவாயிற்று. 1753இல் லின்னேயஸ் அதையே பேரினப் பெயராக்கினார். லத்தீனில் ளகரம் கிடையாது என்பதால் எழுத்து வழக்கில் அது சாட்சி சொல்லாது. ஆனால் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்பதற்கு அதைவிட உறுதியான பத்திரம் வேண்டியதில்லை.

பிரிவில் வாடும் தலைவியின் மேனியில் படரும் நிறமும் பசலைதானே, இரண்டும் ஒரே சொல்தானே என்பது அடுத்த மறுப்பு. பச்சையைக் குறிக்கும் பசு என்ற அடி இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். அடி ஒன்றானால் சொல்லும் ஒன்றாகிவிடாது. அகப்பாடல்களின் பசலை, பயலை, பசப்பு என்றும் உருமாறும். கீரைக்கு அந்த உருவங்கள் இல்லை. கீரை வசளை என்று மாறும். காதல் நோய் அப்படி மாறுவதில்லை. லகரமும் ளகரமும் பேச்சில் கலந்த பிறகுதான் கீரைக்கும் நோய்க்கும் ஒரே எழுத்து வாய்த்தது.

ஆங்கிலேயர் கொடியைப் பார்த்து மலபார் ஸ்பினாச் என்றார்கள். நாம் ஸ்பினாச்சைப் பார்த்துப் பசலை என்றோம். கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்றே தெரியாத கணக்கு! பாரசீகப் பகுதியிலிருந்து வந்த ஸ்பினாச் குளிர்காலப் பயிர். வெயில் ஏறினால் இலை விடுவதை நிறுத்திப் பூத்துவிடும். பசளையோ சித்திரை வெயிலிலும் தண்ணீர் இருந்தால் தழைக்கும். அடுப்பிலும் இரண்டும் வேறு. ஸ்பினாச் ஒரு கொதியில் சுருங்கி நீர் விடும். பசளையின் இலையும் தண்டும் வழவழப்பானவை; அந்த வழவழப்பே குழம்பைக் கெட்டியாக்கும், அதை அடக்கப் புளி வேண்டும். புளி சேர்வதால் பாத்திரமும் கணக்கில் வருகிறது: அனுப்பர்பாளையத்துப் பித்தளைச் சட்டியானாலும் உள்ளே ஈயம் பூசாமல் இதை வைக்கக் கூடாது. துவரம்பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஸ்பினாச் குறிப்பைப் பார்த்துப் பசளையைச் சமைப்பவர்கள் கொழகொழப்பைக் கண்டு கீரையையே ஒதுக்குவது இந்தப் பெயர்க் குழப்பத்தின் விளைவு.

வழக்கில் வந்துவிட்டதை மாற்ற முடியுமா என்ற கேள்வி நியாயமானது. புதுப் பெயர் தேடவே வேண்டாம், ஸ்பினாச்சுக்குப் பாலக் என்ற சொல் கடைகளில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பெயரில் விற்பதிலும் ஒரு பகுதி பீட்ரூட் இனத்துக் கீரைதான் என்பது வேறு வழக்கு. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்திருப்பவர்களின் மொழிகளில் இந்தச் சிக்கலே இல்லை. இறாலோடு சமைக்கும் கொடிக்கு அங்கே ‘போய்’, ‘புய்’ என்று பெயர், ஸ்பினாச்சுக்குப் ‘பாலங்’.